அளவறிந்து பூசுவோம்: தோல் அழற்சியும் மென்மையான ஸ்ரெரோயிட் கிறீமும்



இம்முறை நலவாழ்வுப் பக்கத்துக்கு எழுதுமாறு சங்கத்தார் கேட்டபோது நான் முதலில் மறுத்தேன். நான் வைத்தியன் அல்லன். யாழ். பல்கலைக்கழகத்தில் வணிகம் கற்று, அகதியாகப் பிரித்தானியாவுக்கு வந்து, இங்கு மீண்டும் பரீட்சைகள் எழுதிக் கணக்காளராக வேலை செய்பவன். எனினும் எங்கள் வீட்டில் ஸ்ரெரோயிட் கிறீம்களை இரண்டு விதமாகப் பிழையாகப் பாவித்தோம். ஒரு பிழையால் மகள் ஐந்து மாதம் துன்பப்பட்டாள். மற்றப் பிழையால் நான் துன்பப்பட்டேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: அளவு தெரியாமை. எமது ஆலயத்துக்கு வரும் குடும்பங்களில் வேறு எவரும் அதே பிழையைச் செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதத் துணிந்தேன்.

முதலாவது பிழை

2017 ஆம் ஆண்டு ஆவணி மாதம். எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது. முழங்கை மடிப்புகளிலும் முழங்காலின் பின்பக்கத்திலும் தோல் வரண்டு, தடித்து, இரவில் தாங்க முடியாத கடி. ஊரில் இதைக் கரப்பன் என்போம். குடும்ப வைத்தியர் எக்ஸிமா என்றார். தோலை ஈரமாக வைத்திருக்கும் கிறீம் ஒன்றையும், 1 சதவீத ஹைட்ரோகோர்ட்டிசோன் கிறீம் 15 கிறாம் ரியூப் ஒன்றையும் எழுதித் தந்தார். கடி கூடும்போது தினமும் இரண்டு தடவை பூசச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மாமி ரியூப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். “உது ஸ்ரெரோயிட் எல்லே தம்பி? பூசாதையுங்கோ. பிள்ளையின்ரை தோல் வெங்காயச் சருகு மாதிரிப் போயிடும்” என்றார். மாமியின் பயம் எங்களையும் பிடித்துக்கொண்டது. வைத்தியரிடம் திரும்பிப் போய்க் கேட்கவும் கூச்சம். ஆகவே ஒரு நடுவழி கண்டுபிடித்தோம். ஒவ்வொரு நாளும் குண்டூசித் தலையளவு கிறீம் எடுத்து, நான்கு இடத்திலும் தேய்த்து விடுவோம். நோய் கூடவும் இல்லை, மாறவும் இல்லை. பிள்ளை நித்திரையில் சொறிவாள். காலையில் படுக்கை விரிப்பில் இரத்தப் பொட்டுகள் இருக்கும்.

2018 தைப்பொங்கல் அன்று ஆலயத்தில் அவளுடைய பட்டுச் சட்டையின் கையில் இரத்தம் ஊறியிருந்ததைக் கண்டேன். அன்று மனம் பொறுக்கவில்லை. அடுத்த வாரமே வைத்திய நிலையத்தில் தாதி ஒருவரைச் சந்தித்தேன். அவர் கேட்ட முதற் கேள்வி: “இதுவரை எத்தனை ரியூப் முடித்தீர்கள்?” “ஒன்றுதான், அதுவும் இப்போதுதான் முடிகிறது” என்று சிக்கனமாகச் செலவழித்தவனைப் போலச் சொன்னேன். அவர் ஒரு கடதாசியில் கணக்கைப் போட்டுக் காட்டினார். கணக்காளனாகிய நான் வெட்கப்பட்டேன்.

பிள்ளையின் நான்கு மடிப்புகளுக்கும் சேர்த்து ஒரு தடவைக்குத் தேவை அரைக் கிறாம். இரண்டு தடவைக்கு ஒரு கிறாம். ஒரு வாரத்துக்கு 7 கிறாம். நாங்களோ 15 கிறாமை ஏறக்குறைய 150 நாட்களுக்கு இழுத்திருந்தோம். அதாவது நாளுக்கு 0.1 கிறாம், தேவையானதில் பத்தில் ஒரு பங்கு. நாட்கள் மட்டும் பல மடங்கு. மருந்தின் பயனைப் பெறாமலே பிள்ளையை ஐந்து மாதம் நோயுடன் வைத்திருந்தோம்.

சரியான அளவில் பூசத் தொடங்கிப் பத்து நாட்களில் அந்த மடிப்புகள் ஆறின. அவளும் நித்திரை கொண்டாள், நாங்களும் நித்திரை கொண்டோம்.

ஸ்ரெரோயிட் என்றால் என்ன?

இந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்கு 1988 சியோல் ஒலிம்பிக்கில் பதக்கம் பறிக்கப்பட்ட பென் ஜோன்சன் நினைவுக்கு வருவார். அவர் எடுத்தது தசையை வளர்க்கும் வேறு வகை. தோலுக்குப் பூசுவது கோர்ட்டிக்கோ ஸ்ரெரோயிட் எனப்படும் இனம். எமது இரு சிறுநீரகங்களின் மேலும் அதிரீனல் என்ற சிறு சுரப்பிகள் உள்ளன. அவை தினமும் சுரக்கும் கோர்ட்டிசோல் என்ற ஓமோனும் ஹைட்ரோகோர்ட்டிசோனும் ஒரே பொருள்தான். இந்த ஓமோன்கள் பற்றிய ஆராய்ச்சிக்காகக் கெண்டல், ரைக்ஸ்ரைன், ஹென்ச் ஆகிய மூவருக்கும் 1950 இல் நோபல் பரிசு கிடைத்தது. 1952 இல் சுல்ஸ்பேர்கர், விற்றன் என்ற அமெரிக்கத் தோல் வைத்தியர்கள் இதைத் தோலில் பூசிப் பயன் கண்டு அறிவித்தார்கள். ஆகவே இது எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாவனையில் உள்ள மருந்து.

இது என்ன செய்கிறது? தோலின் எதிர்ப்புச் சக்தி தேவையில்லாமல் கிளர்ந்தெழும்போது இரத்தக் குழாய்கள் விரிந்து, தோல் வீங்கி, சூடேறி, கடிக்கிறது. இதையே அழற்சி என்கிறோம். ஸ்ரெரோயிட் இந்தக் கிளர்ச்சியை அடக்குகிறது. நோயின் வேரை இது பிடுங்குவதில்லை. கடி அடங்கினால் சொறிவது நிற்கும். சொறிவது நின்றால் தோல் ஆறும்.

பயம் எங்கள் சமூகத்துக்கு மட்டும் உரியதல்ல. 2000 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், நொட்டிங்ஹாம் நகரில் 200 பேரிடம் விசாரித்தபோது ஏறக்குறைய 73 சதவீதத்தினர் ஸ்ரெரோயிட் பூசுவது பற்றிக் கவலை தெரிவித்தனர். 24 சதவீதத்தினர் அந்தக் கவலையால் மருந்தை ஒழுங்காகப் பாவிக்கவில்லை என ஒப்புக்கொண்டனர்.

நான்கு படிகள்

மாமி சொன்னது முழுப் பொய்யல்ல. தோல் மெலிவது உண்மையில் நடக்கக்கூடியது. ஆனால் எந்த ஸ்ரெரோயிட், எங்கே, எத்தனை நாள் என்பதைப் பொறுத்தது அது. பிரித்தானியாவில் இவற்றை நான்கு படிகளாக வகுத்துள்ளனர்.

1. மென்மையானது: ஹைட்ரோகோர்ட்டிசோன் 1 சதவீதம்.
2. நடுத்தரமானது: குளோபெற்றாசோன் 0.05 சதவீதம், யூமோவேற் என்ற பெயரில் உள்ளது.
3. வலிமையானது: பெற்றாமெதசோன் வலரேற் 0.1 சதவீதம்; பெற்னோவேற் என்ற பெயரில் உள்ளது.
4. மிக வலிமையானது: குளோபெற்றசோல் 0.05 சதவீதம், டெர்மோவேற் என்ற பெயரில் உள்ளது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சதவீத எண்ணைப் பார்த்து வலிமையை மதிப்பிடக்கூடாது. 1 என்பது 0.05 ஐ விட இருபது மடங்கு பெரிய எண். ஆனால் 1 சதவீத ஹைட்ரோகோர்ட்டிசோன் கீழ்ப்படியில் உள்ளது, 0.05 சதவீத குளோபெற்றசோல் உச்சியில் உள்ளது. மருந்தின் பெயரே முக்கியம், எண் அல்ல. இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காகவே, ரியூப்பின் மேல் மருந்தின் வலிமையை எழுத்தில் குறிப்பிட வேண்டும் எனப் பிரித்தானிய மருந்து ஒழுங்குபடுத்தும் அமைப்பு 2024 இல் அறிவித்தது.

மென்மையான கிறீமைச் சரியான அளவில் சில நாட்கள் பூசுவதால் தோல் மெலிவது மிக அரிது. வலிமையானதை வாரக்கணக்கில், மாதக்கணக்கில், அதுவும் முகத்திலோ மடிப்புகளிலோ பூசும்போதுதான் ஆபத்துக் கூடுகிறது.

விரல் நுனி அளவு

எவ்வளவு பூசுவது என்பதற்கு 1991 இல் கார்டிஃப் நகர வைத்தியர்கள் ஓர் எளிய அளவை வெளியிட்டனர். வளர்ந்தவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதலாவது மடிப்பு வரை ரியூப்பைப் பிதுக்கி ஒரு கோடு இடுங்கள். அதுவே ஒரு விரல் நுனி அளவு. ஏறக்குறைய அரைக் கிறாம். விரல்களைச் சேர்த்து வைத்த வளர்ந்தவரின் கைகள் இரண்டு மூடும் பரப்புக்கு இது போதும். 15 கிறாம் ரியூப்பில் இப்படி 30 அளவுகள் உள்ளன. பிள்ளைக்குப் பூசும்போதும் அளப்பது பெற்றோரின் விரலால்தான், பிள்ளையின் விரலால் அல்ல.

உறுப்பு முழுவதும் பூச வேண்டியிருந்தால் கணக்கு இது.

வளர்ந்தவருக்கு:
முகமும் கழுத்தும் – இரண்டரை
ஒரு கை மணிக்கட்டு வரை – 3
மணிக்கட்டுக்குக் கீழே இரு பக்கமும் – 1
ஒரு கால் கணுக்கால் வரை – 6
ஒரு பாதம் – 2

3 முதல் 5 வயதுப் பிள்ளைக்கு:
முகமும் கழுத்தும் – ஒன்றரை
ஒரு கை முழுவதும் – 2
ஒரு கால் முழுவதும் – 3
நெஞ்சும் வயிறும் – 3
முதுகும் பிட்டமும் – மூன்றரை

இவை ஒரு தடவைக்குரிய உச்ச அளவுகள். சிறிய இடம் என்றால் இரு கைக்கு ஒரு விரல் நுனி என்ற கணக்கே போதும்.

பூசும் முறை

கையைக் கழுவுங்கள். அழற்சி உள்ள இடத்தில் மட்டும், மயிர் வளரும் திசையில் மெதுவாகத் தடவுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். தினமும் ஒரு தடவை அல்லது இரு தடவை, வைத்தியர் சொன்னபடி. மூன்றாவது தடவையால் கூடுதல் பயன் இல்லை.

ஈரப்பதன் தரும் கிறீம் வேறு, ஸ்ரெரோயிட் வேறு. முன்னையதைத் தாராளமாக, நோய் இல்லாத நாட்களிலும் பூச வேண்டும். பின்னையதை நோய் கிளம்பும்போது மட்டும் பூச வேண்டும். இரண்டுக்கும் இடையில் அரை மணித்தியாலம் விட்டால் ஒன்றை ஒன்று கரைத்துப் பரப்பாது. வரண்டு தடித்த தோலுக்கு எண்ணெய்த்தன்மையுள்ள களிம்பும், ஈரக்கசிவுள்ள தோலுக்குக் கிறீமும் ஏற்றவை.

எப்போது நிறுத்துவது? வைத்தியர் பிள்ளைகளுக்கு எழுதித் தந்திருந்தால், கடியும் அழற்சியும் அடங்கி ஏறக்குறைய 48 மணித்தியாலம் வரை தொடர்ந்து நிறுத்தலாம் என்பது இங்குள்ள வழிகாட்டல். அடங்கத் தொடங்கியதுமே நிறுத்தினால் மீண்டும் கிளம்பும். மருந்துக்கடையில் நீங்களே வாங்கியிருந்தால் ஒரு வாரமே எல்லை. அதற்குள் குணம் இல்லையென்றால் இன்னொரு ரியூப் வாங்க வேண்டாம், வைத்தியரிடம் போங்கள்.

எங்கே பூசக்கூடாது?

தோலின் தடிப்பு எங்கும் ஒரே மாதிரியல்ல. 1967 இல் வெளியான ஆய்வொன்றில், ஹைட்ரோகோர்ட்டிசோன் முன்கையை விட நெற்றியில் ஏறக்குறைய 6 மடங்கு உள்ளே சென்றது தெரியவந்தது. ஆகவே கடையில் வாங்கிய ஹைட்ரோகோர்ட்டிசோனை வைத்தியர் சொல்லாமல் பின்வரும் இடங்களில் பாவிக்கக்கூடாது.

• முகம், சிறப்பாகக் கண் இமை. நீண்ட காலம் கண்ணருகே பூசினால் கண்ணின் அமுக்கம் கூடலாம், கண்புரை வரலாம்.
• மறைவிடங்கள்.
• வெடித்த தோல், சீழ் கட்டிய தோல்.
• 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் முதலில் ஆலோசனை கேட்க வேண்டும்.
• முகப்பரு, படர்தாமரை, கொப்பளிப்பான். படர்தாமரையில் ஸ்ரெரோயிட் பூசினால் கடி குறையும். பூஞ்சணமோ அடியில் பரவிக்கொண்டேயிருக்கும்.

வீட்டில் எல்லோருக்கும் இரவில் கடி என்றால் அது சொறிச் சிரங்காக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் நெற்றி கடித்தால், குங்குமத்தில் கலந்த சாயம் ஒத்துக்கொள்ளவில்லையா எனப் பாருங்கள். இடுப்புப் பட்டியின் கொளுவி படும் இடத்தில் கடித்தால் அதிலுள்ள நிக்கல் காரணமாக இருக்கலாம். காரணத்தை அகற்றாமல் கிறீம் மட்டும் பூசுவது, ஓட்டைப் பானைக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்றதே.

எமது நிறமும் நோயின் அடையாளமும்

பல ஆங்கிலப் புத்தகங்களிலும் துண்டுப் பிரசுரங்களிலும் எக்ஸிமா என்றால் “சிவந்த தோல்” என்று எழுதியிருக்கும். எமது தோலில் அச்சிவப்பு தெளிவாகத் தெரியாது. கருஞ்சிவப்பாக, ஊதாவாக, சாம்பலாக, அல்லது சுற்றியுள்ள தோலை விடக் கறுப்பாகத் தெரியும். சிறு மணிகளாகவும் கிளம்பும். ஆகவே “சிவக்கவில்லையே” என்று காத்திராமல் சூடு, தடிப்பு, கடி ஆகியவற்றைப் பாருங்கள். வைத்தியரிடமும் அப்படியே சொல்லுங்கள்.

நோய் ஆறியபின் அந்த இடம் சில காலம் கறுத்தோ வெளுத்தோ இருக்கும். “கிறீம்தான் வெளுக்கப் பண்ணியது” என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது அழற்சி விட்டுச் சென்ற அடையாளம். மாதக்கணக்கில் மெல்ல மாறும். வலிமையான ஸ்ரெரோயிட்டை நீண்ட காலம் பூசினாலும் நிறம் மாறலாம் என்பதையும் மறக்கக்கூடாது.

இரண்டாவது பிழை

மகளின் விடயத்தில் பயந்த நானே, என் விடயத்தில் பயமில்லாமல் நடந்தேன். சவரம் செய்தபின் என் வாயோரத்தில் தோல் வரண்டு எரிந்தது. கொழும்பிலிருந்து வந்த உறவினர் ஒருவரின் பையில் ஒரு ரியூப் இருந்தது. “நல்ல மருந்து, இரண்டு நாளில் மாறும்” என்றார். இரண்டு நாளில் மாறியது உண்மை. நிறுத்தியதும் திரும்பி வந்தது. மீண்டும் பூசினேன். இப்படி மூன்று மாதம் போயிற்று. கடைசியில் வாயைச் சுற்றிச் சிறு பருக்கள் வட்டமாகக் கிளம்பின. வைத்தியர் ரியூப்பின் பெயரைப் பார்த்துத் தலையசைத்தார். அது மூன்றாம் படி மருந்து. முகத்துக்கு உரியதல்ல. நிறுத்தச் சொன்னார். முதல் இரு வாரம் முகம் மேலும் மோசமானது. அதன் பிறகே மெல்ல மாறியது.

வலிமையானவற்றை நீண்ட காலம் பூசிவிட்டு நிறுத்தும்போது சிலருக்குக் கடுமையான எரிவும் சிவப்பும் வரலாம் எனப் பிரித்தானிய மருந்து ஒழுங்குபடுத்தும் அமைப்பு 2021 இல் எச்சரித்தது. ஆகவே அப்படிப் பூசி வருபவர்கள் இதை வாசித்துவிட்டுத் திடீரென நிறுத்தாமல் வைத்தியரிடம் கேட்டு நடக்க வேண்டும்.

இன்னுமொன்று. முகத்தை வெளுக்க வைக்கும் கிறீம்கள் எனச் சில கடைகளில் விற்கப்படுவனவற்றில், பெட்டியில் குறிப்பிடாமலே வலிமையான ஸ்ரெரோயிட் கலந்திருப்பதுண்டு. இந்நாட்டில் அழகுசாதனப் பொருளில் அதைச் சேர்ப்பது சட்டவிரோதம். கலியாண வயதுப் பெண்பிள்ளைகளுக்கு அவற்றை வாங்கிக் கொடுக்கும் தாய்மாரிடம் அன்புடன் கேட்கிறேன்: பிள்ளையின் நிறத்தில் குறை ஒன்றும் இல்லை, தோலைக் கெடுக்க வேண்டாம்.

விளக்கும் கற்பூரமும்

ஈரப்பதன் தரும் கிறீம் துணியில் ஊறிக் காய்ந்தால் அத்துணி விரைவாகத் தீப்பற்றும். தோய்த்தாலும் முழுவதும் போகாது. பரபின் இல்லாத கிறீம்களுக்கும் இது பொருந்தும் என 2018 இல் எச்சரிக்கப்பட்டது. ஆகவே கிறீம் பூசிய பிள்ளைகளையும் முதியோரையும் கார்த்திகை விளக்கு, கற்பூரத் தட்டு, குத்துவிளக்கு ஆகியவற்றிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். நீண்ட பாவாடையும் சால்வையும் அணிந்திருந்தால் இன்னும் கவனம்.

உடனே உதவி தேட வேண்டியவை

மஞ்சள் நிறப் பொருக்கு, கசிவு, காய்ச்சல் ஆகியவை கிருமி தொற்றியதன் அடையாளம். நோவுடன் கூடிய சிறு கொப்புளங்கள் கூட்டமாக வந்து விரைவாகப் பரவினால், அதுவும் பிள்ளை சோர்ந்திருந்தால், அன்றைக்கே வைத்தியரைக் காண வேண்டும்; கிடைக்காவிட்டால் 111 இலக்கத்தை அழையுங்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. நான் வெட்கப்பட்டதன் விலையை என் மகள் கொடுத்தாள்.

உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள்

1. 1 சதவீத ஹைட்ரோகோர்ட்டிசோனா, 0.05 சதவீத குளோபெற்றசோலா வலிமையானது?
2. 15 கிறாம் ரியூப்பில் எத்தனை விரல் நுனி அளவுகள்?
3. கடையில் வாங்கிய கிறீமை எத்தனை நாள் பாவிக்கலாம்?
4. ஆறு வயதுப் பேரனுக்கு அம்மம்மா தன் கிறீமைப் பூசலாமா?

விடைகள்: (1) குளோபெற்றசோல், அதுவும் பல மடங்கு. (2) முப்பது. (3) ஏழு நாள். (4) கூடாது. அவனுக்கு உரியதை வைத்தியர் எழுதித் தரட்டும். இங்கிலாந்தில் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அம்மருந்து இலவசம்.

இப்போது எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பூசத் தொடங்கிய திகதி, இடம், எத்தனை விரல் நுனி, நிறுத்திய திகதி என நான்கு நிரல்கள். அதை எழுதுபவர் வேறு யாருமல்ல, மாமிதான். “அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு” என்று அவர் அன்று சொன்னது சரி. அளவு குறைந்தால் மருந்தும் வெறும் தண்ணீர் என்பதை நாங்கள் இருவரும் சேர்ந்து கற்றுக்கொண்டோம்.

இப்பக்கத்தை வெட்டி உங்கள் மருந்துப் பெட்டிக்குள் வையுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் மருந்துக்கடையில் உள்ள மருந்தாளரிடம் கேளுங்கள்.

எல்லோரும் நலமுடன் வாழ இறைவன் அருள் கிட்டட்டும்.

அன்புடன்,
ஆலயத் தொண்டர் ஒருவர்